பெருநாள் கழித்து நட்ட கிழங்கு

அப்புத்தளை
18.02.2000

அன்புள்ள மச்சானுக்கு நளீரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில், அந்தச் சவூதிச் சீமையில், உங்களுக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காப்பானாக. இங்கே எனக்கும் மகள் ஜெனீராவுக்கும் உடம்பு சுகம்தான். உடம்பைத் தவிர மற்றதையெல்லாம் கீழே எழுதுகிறேன், உட்கார்ந்து வாசியுங்கள்.

நட்ட உருளைக்கிழங்கு போய்விட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை சுபஹு தொழுதுவிட்டுக் கதவைத் திறந்தால், ஓடைப் பக்கம் முழுக்க உப்புக் கொட்டியதுபோல வெள்ளையாகக் கிடந்தது. வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றினால் பனி கழன்றுவிடும் என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து, நானும் ஜெனீராவும் வாளி வாளியாகச் சுமந்தோம். பிள்ளைக்குக் கை விறைத்துவிட்டது. அழுதாள், அழுதுகொண்டே ஊற்றினாள். பாதித் தோட்டத்துக்குக்கூடப் போய்ச் சேரவில்லை, வெயில் வந்துவிட்டது. மத்தியானமாகும் முன்னே இலையெல்லாம் கறுத்துத் தொங்கியது. தேயிலைத் தோட்ட லயத்துப் பாக்கியம் கொழுந்து எடுக்கப் போகிற வழியில் நின்று பார்த்து, "என்னாங்கக்கா இது, சுடுதண்ணி ஊத்துன மாதிரி கெடக்கு" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். ரோட்டுக்கரை மேட்டில் இரண்டு பாத்தி மட்டும் தப்பியிருக்கிறது.

நோன்புக்கு முன்னால் வந்த கடிதத்தில் நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடம். இந்தத் தடவை கிழங்கு நின்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன், நிற்காவிட்டால் முதலாளி கேட்கிற இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இந்தச் செய்தியை எழுதக் கை வரவில்லை. செவ்வாயிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

போன வருஷம் ஓடைப் பக்கம் கருகியபோது விதைக்கிழங்குதான் சரியில்லை என்றீர்கள். நானும் தலையாட்டினேன். இந்தத் தடவை வெலிமடையிலிருந்து நல்ல விதை எடுத்து, முளை பார்த்து, நானே நட்டேன். பிறகும் ஏன் இப்படி என்று முந்தாநாள் அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்துவிட்டுத் தனியே சிரித்தேன். உங்கள் மகள் பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

மச்சான், பெருநாள் கழித்துக் கிழங்கு நடு என்றுதானே வருஷா வருஷம் எழுதுகிறீர்கள்? நீங்கள் இங்கே இருந்தபோது அப்படித்தான் நட்டீர்கள், நன்றாகவும் வந்தது. ஆனால் அப்போது நோன்புப் பெருநாள் எப்போது வந்தது? மாசி பிறந்த பிறகு. நீங்கள் விமானம் ஏறிய வருஷம்கூட பெப்ரவரி கடைசியில்தான் பெருநாள். பனி ஓய்கிற நேரம் அது. நீங்கள் போன பிறகு பெருநாள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்து, இந்த வருஷம் ஜனவரி தொடக்கத்திலேயே வந்துவிட்டது. நானும் புத்தி கெட்டவள், உங்கள் சொல் தட்டாமல் பெருநாள் பிரியாணிச் சட்டியைக் கழுவி வைத்த கையோடு மண்வெட்டியை எடுத்தேன். தளிர் தலை நீட்டவும் பனி கொட்டவும் சரியாக இருந்தது.

பிறைக் கணக்கில் பெருநாள் வருஷத்துக்குப் பத்து நாள் முன்னால் நகரும் என்று தெரியாத முஸ்லிம் உண்டா? வருஷா வருஷம் நோன்பு பிடிக்கிற நமக்கு, பனி நகராது என்பதுதான் நினைவில்லாமல் போயிற்று. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. ஒரு பெருநாள், ஒரு பெருநாள் என்று நீங்கள் எத்தனை தூரம் போய்விட்டீர்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இனி தோட்டத்தை எப்படி வைப்பது என்று ஒரு யோசனை இருக்கிறது. குளிர் தண்ணீர்போல இறங்கி ஓடைப் பக்கம்தான் தேங்குகிறது. அங்கே இனிக் கிழங்கே வேண்டாம். லீக்ஸும் கரட்டும் போட்டால் பனியைத் தாங்கும். காற்று அடிக்கிற ரோட்டுக்கரை மேட்டில்தான் கிழங்கு, அதுவும் பெப்ரவரி முடிந்த பிறகு. ஓகஸ்ட்டில் மறுபடி நட்டு, டிசம்பர் குளிர் இறங்கும் முன்னே கிளறி எடுத்துவிட வேண்டும். நடுவில் போஞ்சிக் கொடியை ஏற்றிக் காய் பறிக்கலாம். பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். மூன்று பேர் சாப்பிடலாம். தப்பிய இரண்டு பாத்திக்கும் மானாப் புல் வெட்டி மூடியிருக்கிறேன்.

அஸீஸ் நானா நேற்றுக் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தார். என் உடன்பிறப்பாயிற்றே, எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, "நீ கெழங்கு நல்லா நிக்குதுன்னு எழுதிப் போடு புள்ள. மனுசன் வந்து எறங்கட்டும், பொறகு பார்த்துக்கலாம்" என்றார். பொய் சொல்லக் கூடாது என்று அவருக்குச் சொன்னேன். உள்ளதைச் சொன்னால், அப்படியே எழுதிவிடலாமா என்று இரவு முழுக்க ஆசையாக இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் நீங்கள் கையெழுத்துப் போடவேண்டுமே என்ற பயம் அப்படி.

ஜெனீரா பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரைந்திருக்கிறாள். என்னைப் பெரிதாக, தன்னைச் சிறிதாக வரைந்துவிட்டு, உங்களை டெலிபோனாக வரைந்திருக்கிறாள். டீச்சர் சிரித்தாராம். அவளுக்கு ஏன் சிரிக்கிறார் என்று விளங்கவில்லை, என்னிடம் வந்து கேட்டாள். நான் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

அதனால்தான் பொய் எழுதவில்லை மச்சான். கிழங்கு நிற்கிறது என்று நம்பி நீங்கள் வந்தால், கிழங்குக்காக வந்தவராகத்தான் இருப்பீர்கள். பிறகு ஒவ்வொரு பனிக்கும் நான் பயந்துகொண்டே கிடக்க வேண்டும். தோட்டம் கருகித்தான் கிடக்கிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். வருவதாக இருந்தால் அதற்காக வாருங்கள். கையெழுத்துத்தான் போடுவதாக இருந்தால், அதற்குக் கிழங்கைக் காரணமாக எனக்கு எழுதாதீர்கள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

பேனா பிடிக்கும் உங்கள் கைக்கு அல்லாஹ் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும்.

உங்கள்
நளீரா