பாசிட்டிவ் என்றால்

1996 மார்ச் 12, செவ்வாய்

எய்ட்ஸ் வந்த ஒருவனைப் பற்றிய அமெரிக்க நாடகத்தைத் தமிழில் போடுகிறோம். மயிலாப்பூர் சபாக்காரர்களுக்குப் புரிய வேண்டுமே என்று குறிப்புத்தாள் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். அந்த ஊர்த் தேர்தல், பண்டிகை, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதினேன். ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்றார் டைரக்டர். ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லுக்கான வரியை நானே அடித்து நீக்கினேன். அதுகூடத் தெரியாதவன் எவன் என்ற திமிர்.

சாயங்காலம் ஒத்திகை முடிந்ததும் லைட் போடும் ஏழுமலை வந்தார்.

“சார், பாசிட்டிவ்னு சொன்னதும் அந்த ஆளு இன்னாத்துக்கு அழுவுறான்? நல்லதுதானே?”

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

“இல்ல சார், என் தம்பிக்கும் அதே டெஸ்ட்டுதான் எடுத்தாங்க. பாசிட்டிவ்னு எழுதிக்கீது. கோயில்ல தேங்கா ஒடச்சிட்டு, வைகாசில கல்யாணம் வெச்சுக்கீறோம்.”

“நாளைக்குக் காலைல அந்தத் தாளை எடுத்துக்கிட்டு வாங்க, டாக்டர்கிட்ட போகலாம்” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

அடித்த வரியை மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பாசிட்டிவ்: