மெதுவான கணினியும் நாற்பத்தொன்றாம் எண்ணும்

மார்ச் 3, திங்கள்

எங்கள் வீட்டுக் கணினியைக் கெடுத்தது என் அண்ணன். சந்தேகமெல்லாம் இல்லை. அவன்தான்.

இன்று ஒரு படிவத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு நொடி. இலக்கு தொண்ணூறு. திரையின் இடப்பக்கம் யாரோ ஒரு நோயாளி கையால் எழுதிய காப்பீட்டுப் படிவம், வலப்பக்கம் நான் நிரப்ப வேண்டிய பதினான்கு கட்டங்கள். என் விரல்களில் குறை இல்லை. பெயரை முழுதாகத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக, யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் வந்து விழுகின்றன.

வீட்டிலிருந்தே செய்கிற இந்த வேலையில், மாதக் கடைசியோடு பயிற்சிக் காலம் முடிகிறது. கடைசி இரண்டு வாரச் சராசரி தொண்ணூறுக்குள் வந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

எங்களை மேற்பார்வை செய்கிற மேடம் போனில் சொன்னார்: "நாப்பத்தொண்ணு, உங்க ஸ்பீடு இறங்கிக்கிட்டே போகுது." எங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு மேடம்."

"வீட்டு சிஸ்டம் உங்க பொறுப்பு. அக்ரிமெண்ட்ல இருக்கே, படிக்கலையா?"

நாற்பது பக்கம். படித்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

மார்ச் 5, புதன்

மதிய இடைவேளையில், எந்தெந்த நிரல் ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். திறப்பதற்கே இரண்டு நிமிடம். வட்டு நூறு சதவீதம் வேலையில் இருக்கிறது என்கிறது. என்ன வேலை? ஏதேதோ பெயரில் அறுபது, எழுபது வரிகள். ஒன்றும் புரியவில்லை. ஆனால் இடம் இல்லை என்பது மட்டும் புரிந்தது. வட்டில் மிச்ச இடம் காட்டும் கோட்டின் முனைவரை சிவப்பு.

கணினி ஆரம்பிக்கும்போதே தானாக எழுந்து வருகிற ஏழு நிரல்களை நிறுத்தினேன். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றையொன்று வேவு பார்த்துக்கொண்டிருந்தன, ஒன்றைத் தூக்கினேன். பிறகு அண்ணனின் விளையாட்டு. அந்த ஃபோல்டரை முழுசாக அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். நிம்மதி.

மார்ச் 6, வியாழன்

அண்ணன் சாப்பிடவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

மார்ச் 8, சனி

அழித்த இடம் மறுபடி நிரம்பிவிட்டது. மூன்றே நாள்!

அண்ணன் கிடங்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். "திரும்ப ஏத்திட்டியா அந்தச் சனியனை?"

"நான் அது பக்கமே போகலடி."

"பின்ன எடம் எங்க போச்சு? நான் தின்னேனா?"

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். காலையிலிருந்து பெட்டி தூக்கிய களைப்பு. "ரெண்டு வருஷமா ஒரு ஊரு கட்டினேன். எண்பதாயிரம் பேரு. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, எல்லாத் தெருவுலயும் மரம். ஒருத்தன்கூட வேலை இல்லாம இல்ல அந்த ஊர்ல. ஒரு வார்த்தை கேட்டியாடி நீ?"

"வெளயாட்டுதானே..." என்றேன்.

"ஆமா. வெளயாட்டுதான்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. பகலில், என் நாற்காலிக்குப் பின்னால் கூடத்தில்தான் தூங்குவாள். வேறு அறை ஏது? "ரெண்டு பேரும் வாய மூடுங்க. ஆயிரம் போர்வை தோச்சுட்டு வந்திருக்கேன்."

நான் செய்தது தப்பா? எனக்கு வேலை வேண்டாமா? யாரிடம் கேட்பது?

மார்ச் 10, திங்கள்

கணினிக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். மூடியைக் கழற்றியதும் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தத் தூசியில செடி வெச்சா பூவே பூக்கும்மா." ஊதினார், துடைத்தார். மெமரி ஒன்று கூடுதலாகப் போட்டார். எதையெதையோ நீக்கிக் கொஞ்சம் இடம் பண்ணினார்.

பிறகு திரையைக் காட்டிக் கேட்டார்: "இந்த ஒரு ஃபோல்டர்தான் யானை மாதிரி படுத்திருக்கு. இது என்ன?"

எட்டிப் பார்த்தேன். அலுவலகம் அனுப்பிய நிரலின் ஃபோல்டர். "ஐயோ, அது ஆபீஸ் சாமான். கை வெக்காதீங்க!"

"உங்க வீட்டு மெஷின்தானேம்மா?"

"இருந்தாலும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மார்ச் 12, புதன்

நூற்றுப் பதினான்கு நொடி. மெமரி போட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும். முடியவில்லை.

அண்ணன் காலையில் விளையாட்டைத் திரும்ப ஏற்றிவிட்டு, என்னைக் கூப்பிட்டான். எட்டு நாள் கழித்து முதல் பேச்சு. "இங்க வா. பாரு. எப்படிப் பறக்குது! ஞாயித்துக்கிழமை எனக்குப் பறக்குது, திங்கக்கிழமை உனக்கு நொண்டுது. அப்ப எம்மேல என்னடி தப்பு?"

யோசித்தேன். ஞாயிறு இருந்து திங்கள் இல்லாதது எது? திங்கள் இருந்து ஞாயிறு இல்லாதது? அவனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அலுவலகக் கணக்கில் நுழைந்தேன். அவ்வளவுதான் செய்தேன். மின்விசிறி உறுமியது. வட்டு நூறு சதவீதம்.

வெளியே வந்தேன். அமைதி. நுழைந்தேன். உறுமல். நான்கு தடவை செய்து பார்த்தேன்.

அந்த யானை ஃபோல்டரைத் திறந்தேன். படங்கள். எழுபத்தோராயிரம் படங்கள். பத்து நொடிக்கு ஒரு தடவை என் திரையை ஒரு படம், கேமரா வழியாக என்னை ஒரு படம். எங்கள் வீட்டு இணையம் வீக். அனுப்ப முடியாததெல்லாம் இங்கேயே குவிகிறது. குவிந்ததை மறுபடி மறுபடி அனுப்பப் பார்க்கிறது. அந்த மூச்சுத்திணறலைத்தான் நான் 'ஸ்லோ' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

படங்களில் நான் இருக்கிறேன். எனக்குப் பின்னால் அம்மா. வாய் திறந்து தூங்குகிற அம்மா. புரண்டு படுக்கிற அம்மா. துணி விலகியது தெரியாமல் தூங்குகிற அம்மா. எண்ணி மாளவில்லை.

அண்ணன் மெதுவாகச் சொன்னான்: "மூடு."

மூடினேன். "ஸாரிடா" என்றேன். அது அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை.

மார்ச் 17, திங்கள்

மேடத்திடம் கேட்டேன். "உங்க ப்ரோகிராம்தான் என் கம்ப்யூட்டரை இழுத்துப் பிடிக்குது. அதை வெச்சுக்கிட்டு நான் ஸ்லோன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்க."

"எங்க அம்மா குடுக்கலையே."

"வீட்ல தனி ரூம்ல ஒர்க் பண்ணணும்னு இருக்கு பாருங்க, முப்பத்தி ரெண்டாம் பக்கம்."

தனி ரூம்! எங்கள் வீட்டில் தனியாக இருப்பது கழிவறை மட்டும்தான்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கூந்தலை முடிந்துகொண்டே, "இந்த மூஞ்சியப் பாத்து எவன் என்ன பண்ணப் போறான்? வேலைய விட்டுடாதம்மா" என்றாள். பிறகு பாயைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் போட்டாள். கால் நீட்ட இடம் இல்லை அங்கே.

இன்றைய சராசரி நூற்றுப் பத்து. கடைசி இரண்டு வாரத்தின் முதல் நாள் இது.

மார்ச் 18, செவ்வாய்

நிறுத்திவிட்டேன். காலையில் டாஸ்க் மேனேஜரில், படம் எடுக்கிற அந்த நிரலின் வரியைத் தேடிப் பிடித்து நிறுத்தினேன். அதன் பெயர் 'உதவியாளர்'. பெயரைப் பாருங்கள்.

எழுத்துகள் என் விரலோடு வந்தன! எனக்குச் சிரிப்பு வந்தது. இருநூற்றுத் தொண்ணூறு படிவங்கள். சராசரி எழுபத்தொன்று. நான் இவ்வளவு வேகம் என்று எனக்கே தெரியாது. இத்தனை நாளும் இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஏன் பின்தங்கினாய் என்று கேட்டவர்கள்தான் கட்டிவிட்டவர்கள்.

மார்ச் 19, புதன்

நேற்று எனக்கு 'வரவில்லை' என்று போட்டிருக்கிறார்கள்.

"இருநூத்தித் தொண்ணூறு ஃபார்ம் போட்டிருக்கேன் மேடம். எண்ணிப் பாருங்க!"

"ஃபார்ம் வந்திருக்கு. ஆனா சிஸ்டம் உங்களைப் பாக்கலையே. பாக்கலைன்னா ஆப்சென்ட். சொல்லாம எடுத்த லீவு."

"அப்ப அந்த ஃபார்மை யாரு போட்டா? எங்க வீட்டுப் பூனையா?"

"நாப்பத்தொண்ணு, டோன் சரியில்ல."

சொல்லாமல் எடுத்த விடுப்பு ஒன்று இருந்தாலும் நிரந்தரம் கிடையாது. இது எத்தனையாவது பக்கம் என்று நான் கேட்கவில்லை. நிரலைத் திரும்ப ஓடவிட்டேன். எனக்குக் கோபம்தான். பயம் இல்லை. கொஞ்சம் பயமும்.

மார்ச் 20, வியாழன்

அண்ணன் வேலைக்குப் போகுமுன் நீளமான ஒயர் ஒன்றைக் கொண்டுவந்தான். இணையப் பெட்டியிலிருந்து சுவரோரமாக ஆணி அடித்து, கதவுக்கு மேலே ஏற்றி, கணினிவரை இழுத்தான். "படம் உடனுக்குடன் போயிடும். குவியாது. குவியலைன்னா உனக்கு ஸ்லோ ஆகாது." உண்மைதான். எண்பது நொடிக்கு இறங்கிவிட்டது.

ஆக, எங்கள் வீட்டை அவர்களுக்கு வேகமாக அனுப்பினால்தான் எனக்கு வேகம். என் நாற்காலிக்குப் பின்னால் கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டேன். அம்மா பழைய இடத்துக்கே திரும்பி வந்து படுத்தாள். "சினிமாக் கொட்டகை மாதிரி இருக்குடி" என்றாள். உடனே தூங்கிவிட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

என்னைப்போல் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இருக்கும் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'உங்கள் கணினி மெதுவாக இருக்கிறதா? அலுவலக ஃபோல்டரைத் திறந்து படங்களை எண்ணிப் பாருங்கள்.' ஆறு நிமிடத்தில் மேடம் அதை அழித்துவிட்டார்.

ஆனால் ஆறு நிமிடம் இருந்ததே. பதினேழாம் எண் போன் செய்தார். குரலை இப்போதுதான் முதல்முறை கேட்கிறேன். என் அம்மா வயது இருக்கும். "தொண்ணூறாயிரம் இருக்கும்மா. நான் என் மகனைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். அவன் டேப்லெட்டைப் புடுங்கி அலமாரியில வெச்சுப் பூட்டினேன். படிக்கிற புள்ளையை ஒரு அறைகூட..." போனை வைத்துவிட்டார்.

குழுவில் இப்போது மிச்சம் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தெட்டு வீடுகளிலும் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்து வைத்திருப்போம். புருஷன், பிள்ளை, அண்ணன். கம்பெனி எவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருக்கும்!

மார்ச் 25, செவ்வாய்

எழுபத்தெட்டு.

மார்ச் 28, வெள்ளி

முடிவு வந்தது. சராசரி எண்பத்தாறு. தேறிவிட்டேன்.

கீழே இன்னொரு வரி. 'முன்னறிவிப்பில்லாத விடுப்பு: 1. நிரந்தரமாக்க இயலாது.'

அண்ணன் திரையை இரண்டு தடவை படித்தான். "நீ வேலைக்குப் போகாத ஒரே நாளு, நீ நல்லா வேலை செஞ்ச ஒரே நாளா?" என்றான். அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

மூன்று இடங்களுக்குக் கடிதம் அனுப்பினேன்: மேடம், மேடத்தின் மேலதிகாரி, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு. பதினெட்டாம் தேதியின் இருநூற்றுத் தொண்ணூறு படிவங்களின் எண்களையும் இணைத்தேன். மூன்று இடத்திலிருந்தும் ஒரே வரி தானாகத் திரும்பி வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி.

மார்ச் 31, திங்கள்

காலை வீடியோ கூட்டம். முப்பத்தெட்டுக் கட்டங்கள், எல்லோருக்கும் வாய் பூட்டு. கடைசியில் மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாப்பத்தொண்ணுக்கு இன்னிக்கு லாஸ்ட் டே. ஆல் த பெஸ்ட் சொல்லிடுவோம்."

நான் மைக்கைத் திறந்தேன். முதலில் என் பெயரைச் சொன்னேன். மேடம் திருத்தினார், "நாப்பத்தொண்ணு, சுருக்கமா." சரி, சுருக்கமாகவே சொன்னேன்.

"வேலை வேணாம் மேடம். பதினெட்டாம் தேதி நான் வந்தேன். வந்தேன்னு ஒரு வரி எழுதித் தாங்க."

மேடம் வேறெங்கோ பார்த்தார். பதினேழாம் எண்ணின் கட்டத்திலும் மைக் திறந்தது. "எழுதிக் குடுங்க மேடம்" என்றார் அந்த அம்மா. அப்புறம் இருபத்தாறு. அப்புறம் ஒன்பது.

"நெக்ஸ்ட் பாயிண்ட் போகலாம்" என்றார் மேடம்.

"போக வேணாம். நான் வந்தேனா, வரலையா? சொல்லுங்க."

என் கட்டம் கறுத்தது. வெளியே தள்ளிவிட்டார்கள். மின்விசிறி அடங்கிவிட்டது, கணினி சத்தமே இல்லாமல் இருக்கிறது. அதே கேள்வியை மூன்று இடங்களுக்கும் மறுபடி தட்டி அனுப்பினேன். எழுத்துகள் விரலோடு ஓடின.

நான் வந்தேனா, வரவில்லையா? எழுதித் தாருங்கள்.