கறுப்பு நாய் வரவே இல்லை

அனுப்புநர்:
குழந்தையின் தாய்மாமன் (தாய் தரப்பு இரண்டாம் சாட்சி),
சோபா தைக்கும் கடை,
கடைத்தெரு மூன்றாம் சந்து.

பெறுநர்:
மாண்புமிகு நீதிபதி அம்மா அவர்கள்,
குடும்ப நல நீதிமன்றம்.

பொருள்: என் தங்கையின் விவாகரத்து வழக்கில் நான் சொன்ன பொய்ச் சாட்சியத்தை நீக்கவும், தகப்பன் குழந்தையைப் பார்ப்பதை நிறுத்தாதிருக்கவும் வேண்டி, என்மீது நானே தரும் புகார்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நான் எட்டாவது வரை படித்தவன். ஆனாலும் இதை வக்கீலிடம் கொடுக்காமல் நானே எழுதுகிறேன். தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மனு எழுதி வென்ற கை இது. சோபா தைக்கவும் பேசவும் எங்கள் கடைத்தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் பேச்சால் வந்த வினைதான் இது.

2. சென்ற ஆண்டு தங்கள் முன் கூண்டில் ஏறி, "நாலு வயசுக் குழந்தையை பஸ் ஸ்டாண்டுல தனியா விட்டுட்டு நாப்பது நிமிஷம் காணாமப் போயிட்டாரு" என்று மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். தாங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள். எனக்கு உற்சாகம் தலைக்கேறி, குழந்தை மயங்கிக் கிடந்ததாகவும் சேர்த்தேன். குழந்தை தாயிடம் என்றும், தகப்பனுக்குச் சனிக்கிழமைகளில் நீதிமன்றக் குழந்தைகள் அறையில் இரண்டு மணி நேரம் என்றும் உத்தரவானது.

3. நடந்தது இது. "மச்சான், பாப்பாவைப் பிடிச்சுக்கங்க, தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்துடறேன்" என்று அவர் குழந்தையின் கையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் டிக்கெட் கவுன்டர்காரரிடம் ஒரு மந்திரிக்குச் சோபா தைத்த கதையை ஆரம்பித்தேன். (தைத்தது மந்திரியின் டிரைவருக்கு, அதுவும் மெத்தை மட்டும்.) கையை ஆட்டினால்தான் எனக்குப் பேச்சு வரும். அதற்காகக் குழந்தையின் கையை விட்டேன். ஆறாவது நடைமேடையில் அழுதுகொண்டிருந்தவளைக் கண்டுபிடித்துத் தூக்கி வந்தவர் அவள் அப்பாதான். எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம் இருக்கும். என்னை அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் முந்திக்கொண்டு, "உன் புருஷன் விட்டுட்டுப் போயிட்டாரும்மா" என்றேன். ஏற்கெனவே புருஷன் பெண்டாட்டி சண்டையில் எரிந்துகொண்டிருந்த வீடு அது.

4. நடந்ததை நடந்தபடியே மாப்பிள்ளை தங்களிடமும் சொன்னார். என் கதைக்கு முன்னால் அது எடுபடவில்லை. வெளியே படிக்கட்டில் என்னிடம், "நல்லாச் சொன்னீங்க மச்சான். கேக்கறப்போ எனக்கே என்மேல கோவம் வந்துச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பின் எனக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை.

5. அப்படியும் வாய் அடங்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த பஸ் ஸ்டாண்டு கதையைச் சொன்னேன். கதையில் ஒரு தடவை மழை பெய்தது. அடுத்த தடவை ஒரு கறுப்பு நாய் துரத்தியது. பாப்பா என் மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு ஆறு வயது. சென்ற இரண்டு சனிக்கிழமைகளும் அந்த அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்பா விட்டுட்டுப் போயிடுவாரு, நாய் வரும்" என்று கதறினாள். அவள் பயப்படக் கூடாதென்று அவர் தன் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். வாங்கி வந்த கலர் பென்சில் டப்பா பிரிக்கப்படாமல் மேசையிலேயே இருந்தது. குழந்தையின் பயத்தைக் காட்டி அந்த இரண்டு மணி நேரத்தையும் நிறுத்தக் கோரிய எங்கள் வக்கீலின் மனு வரும் வியாழனன்று தங்கள் முன் வருகிறது.

6. தங்கையிடம் உண்மையைச் சொன்னேன். "இதுவும் உங்க கதையாண்ணே?" என்றாள். பாப்பாவிடம் சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தடவி, "நாய் வந்துச்சு மாமா. உங்களுக்கு மறந்துபோச்சு" என்றாள்.

7. ஆகையால் என்னை மறுபடி கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டுகிறேன். கவுன்டர்காரர் இன்றும் அதே கவுன்டரில்தான் இருக்கிறார், கூப்பிட்டுக் கேட்கலாம். எனக்கு எந்தத் தண்டனையும் சம்மதம். சனிக்கிழமையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அந்த அறையில், நீதிமன்ற ஆலோசகர் அம்மா முன்னிலையில், தகப்பனையும் மகளையும் வைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை அனுமதியுங்கள். ஒரே தடவையில் அவள் நம்ப மாட்டாள். பொய்யை நம்பவைக்க எனக்கு ஓராண்டு ஆனது. உண்மைக்கும் அத்தனை சனிக்கிழமைகள் தர வேண்டுகிறேன்.

இடம்: கடை
நாள்: ஞாயிறு

யாரும் சொல்லித்தராமல் கைப்பட எழுதி ஒப்பமிட்டது,
குழந்தையின் தாய்மாமன்