நனைந்த சட்டை

பெப்ரவரி 3, திங்கள்
அம்மாவின் சட்டை இடுப்புவரை நனைந்திருந்தது. இன்று காற்று, ஒரு படகும் போகவில்லை. கரையில் மீன் காயப்போடும் வாடியில் கருவாட்டைப் புரட்டிப் போடும் வேலை மட்டும்தான். பிறகு ஏன் கடலில் இறங்கினார்?

பெப்ரவரி 5
இன்றும்.
வாடியில் எங்களோடு வேலை செய்யும் சீதேவி அக்கா, "இன்பமலருக்கு ஒவ்வொரு நாளும் ஞானஸ்நானம்! ஃபாதருக்கு வேலை மிச்சம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பக்கத்தில் நின்ற எனக்கு மூத்திர வாடை வந்தது. மீனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு
அம்மா பாயோடு பெரியம்மாவின் அறைக்குப் போய்விட்டார். பெரியம்மா கருப்பைப் புற்றுநோயில் கிடந்து செத்த அறை. எத்தனை தரம் கழுவியும் அந்த டெற்றோல் மணம் போகவில்லை.
"என்னோட கோவமோ?" என்று அப்பா கேட்டார்.
"வெக்கையா இருக்கு."
இந்தக் காற்றிலா?

பெப்ரவரி 12
தண்ணீரே குடிக்கிறாரில்லை. கேட்டுவிட்டேன்.
"எரியுது பிள்ளை. தும்மினாலும் போயிடுது, அதை மறைக்கத்தான் கடலுக்குள்ள இறங்குறன். மாசாமாசம் வாறது நிண்ட பிறகுதான் இந்தக் கரைச்சல். அக்காவுக்கும் இப்பிடித்தானே தொடங்கினது... ஒருத்தருக்கும் மூச்சு விடாத."
பெரியம்மாவும் ஈரச் சட்டையோடுதான் வருவார். கண்ணை மூடினால் இரண்டு பேரும் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள்.

பெப்ரவரி 13
அந்த அறைக்குள் அம்மா இருமினார். அது பெரியம்மாவின் இருமல்.

பெப்ரவரி 18
மிட்வைஃப் ஹுஸ்னியா மிஸ் பக்கத்து வீட்டுக் குழந்தையை நிறுக்க வந்தார். எழும்பி நின்று வாசிக்கச் சொன்னதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வேலியோடு நின்றேன். அவர் ஸ்கூட்டியை ஸ்ராட் பண்ணிவிட்டார்.
"மிஸ், அம்மாவுக்கு மூத்திரம்..." அவ்வளவுதான் வாயில் வந்தது.
அவர் எஞ்சினை நிற்பாட்டினார்.

பெப்ரவரி 25, செவ்வாய்
ஹுஸ்னியா மிஸ் வரச் சொன்ன சுகவனிதையர் கிளினிக், பெண்களுக்கு மட்டுமானது. பஸ்ஸில் அம்மா என்னை விட்டு வேறு சீற்றில் போய் இருந்தார். ஏன் சொன்னேன்?
டொக்டர் பெண்தான். "மாதவிடாய் நிண்டா ஹோமோன் குறையும். அந்த இடத்துத் தோல் காய்ஞ்சு மெலியும். அதாலதான் எரிவு, கிருமி, அடக்க ஏலாமை. நீங்கள் தண்ணி குடிக்காம இருந்து அதைக் கூட்டிப்போட்டீங்கள்" என்றார். கிருமிக்குக் குளிசை, உள்ளே பூசக் கிரீம், இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. பெரியம்மாவின் கதையைச் சொன்னதும் புற்றுநோய்ச் சோதனைக்கும் மாதிரி எடுத்தார்கள். பிறகு அப்பாவைப் பற்றி ஏதோ கேட்க வேண்டுமென்று என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

மார்ச் 18
சோதனையின் மறுமொழி வந்தது. புற்றுநோய் இல்லை.
அம்மா சிரிக்கவில்லை. "அக்காவும் வெக்கத்தில ஒளிச்சுத்தானே திரிஞ்சவ" என்றார்.
பிறகு குசினிக்குள் அப்பாவிடம் மெதுவாக: "கோவமில்லை. கிட்ட வந்தா நோகுது, அதுதான் தள்ளிப் படுத்தனான்."
"எனக்குச் சொல்லியிருக்கலாமே." அப்பா அம்மாவுக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தார்.

மார்ச் 21
அம்மாவின் பாய் இன்னும் அந்த அறையில்தான். ஆனால் வாடிக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிறார், முழுக்கக் குடிக்கிறார்.
இன்றும் காற்று. படகுகள் போகவில்லை. சீதேவி அக்கா கடலுக்குள் இருந்து ஏறி வந்தார். சட்டை இடுப்புவரை ஈரம்.
யாரும் பகிடி விடவில்லை. பகிடி விடுகிறவரே அவர்தானே.
நான் எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.
"அக்கா, செவ்வாய்க்கிழமைதான் கிளினிக்" என்றேன்.