மனுவில் நான் மாற்றிய வார்த்தை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. அங்கே நீ சுகம்தானே? இங்கே உன் அண்ணிக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. கோர்ட்டில் எனக்கும் வேலை முதுகை ஒடிக்கிறது. கூட இருந்த டைப்பிஸ்ட் ஓய்வு பெற்றுவிட்டதால் அவருடைய ஃபைல்களும் என் மேஜைக்கே வந்துவிட்டன.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதக் கை ஓடவில்லை. இந்த இரண்டாவது கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில், நீ காட்டிய கோர்ட் உத்தரவைப் படித்துவிட்டு, "உங்களுக்குத்தான் ஏற்கெனவே புருஷன் இருக்காரேம்மா" என்று குமாஸ்தா சொன்னாராமே. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். செபரேஷன், டைவர்ஸ், இரண்டும் ஒன்றுதானே அண்ணா என்று கேட்டிருக்கிறாய்.

ஒன்றில்லையம்மா. செபரேஷன் என்றால் தனித்தனியாக இருந்துகொள்ளலாம், கல்யாணம் அப்படியே இருக்கும். டைவர்ஸ் என்றால் கல்யாண பந்தமே அறுந்தது. இருபத்திரண்டு வருஷமாக இரண்டையும் டைப் அடிக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

உன் மனுவைப் போட்ட அன்றைக்கும் எனக்குத் தெரியும். நீ கேட்டது டைவர்ஸ். தங்கச்சி மனசு மாறிவிட்டாள் என்று வக்கீலிடம் சொன்னவன் நான்தான். செபரேஷன் மனுவை ஆங்கிலத்தில் அடித்து உன்னிடம் நீட்டினேன். இது டைவர்ஸ்தானே என்று நீ கேட்டதற்கு, "எல்லாம் ஒரே எழவுதான், போடு கையெழுத்தை" என்றேன். அண்ணன் அடித்ததாயிற்றே என்று நீயும் போட்டாய்.

மாப்பிள்ளை திருந்துவார், நீ திரும்பிப் போவாய் என்று நினைத்தேன். அதைவிட, என் ஆபீஸில் விவாகரத்து ஃபைலில் என் தங்கை பேர் வருவது எனக்குக் கூச்சமாக இருந்தது. சே, என்ன மனுஷன் நான்! மூன்று வருஷம் நீ விடுபட்டுவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தாய். போன மாதம் நீ கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பற்றி எழுதியபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

புது டைவர்ஸ் மனு இத்துடன் இருக்கிறது. நான் அடிக்கவில்லை, பக்கத்து மேஜை அம்மாவிடம் கொடுத்துத் தமிழிலும் ஒரு பிரதி அடித்து வாங்கினேன். என்னை நம்பாதே. அங்கேயே வேறு வக்கீலிடம் காட்டி, வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லிக் கையெழுத்துப் போடு. சில மாதங்கள் ஆகும். நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடு. பழி என் தலையிலேயே கிடக்கட்டும், உன்னை விட்டுவிட மட்டும் வேண்டாம் என்று நான் கெஞ்சியதாகச் சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா. கல்யாணப் பத்திரிகையில் என் பேர் போட வேண்டாம். தேதி மட்டும் எழுது. கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டு, உன் கண்ணில் படாமல் வந்துவிடுகிறேன்.

அண்ணன்