எடுத்த இடத்தில் வைக்காதே

என் வாயாடி மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் கைகால் சுகத்தோடும் மூன்று வேளைப் பசியோடும் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு, காப்பி இரண்டாவதுதான். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "அது பத்துப் பேர் இல்ல, மூணு பேர்", "அவர் அப்படிச் சொல்லல, நீங்கதான் சொன்னீங்க" என்று வரிக்கு வரி திருத்திக்கொண்டிருப்பாள். காகிதத்தில் என்னைத் திருத்த ஆள் கிடையாது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததை நானே கழற்றிச் சரிசெய்தேன், மறுநாள் வந்த பிளம்பர் அதைப் பார்த்து "யாருங்க இதைச் செஞ்சது" என்று கேட்டு அப்படியே நின்றுவிட்டார், அப்புறம் அவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் சரிசெய்தார். என் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படியில் மட்டும்தான் பேசுகிறது. நீ வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, பெற்றது அண்ணனும் அண்ணியும் என்றாலும் உன் வயிற்றைப் பற்றி முழுசாகத் தெரிந்தவன் நான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சித்தி குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று நீ கேட்டாய், நான் சளி என்று சொல்லிவிட்டேன். சளி இல்லை. நீ கல்யாணமாகிப் போன பிறகு அவள் வீட்டை விட்டு இறங்கவே இல்லை என்பது உனக்கே தெரியும், இந்த ஊர்ப் பாஷை அவளுக்கு வராது, பால் வாங்கக்கூட என்னைத்தான் அனுப்புவாள். அப்போதுதான் மூன்று வீடு தள்ளி இருக்கிற வயர்மேன் அண்ணன், ரிட்டயர் ஆன எலெக்ட்ரீஷியன், நம் கல்யாண வீட்டில் விளக்கு போட்டாரே அவர்தான், மூன்றாவது பஸ் ஸ்டாப்பில் இருக்கும் பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகத்துக்கென்று ஓர் அலமாரி இருக்கிறது என்றார். நான்கு நாள் நான் கூட்டிப் போனேன், ஐந்தாம் நாள் உன் சித்தி ஸ்டாப்பை விரல்விட்டு எண்ணிக்கொண்டு தானாகவே போய்விட்டாள். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணிவரை படிப்பாள். வீட்டுக்கு எடுத்துவந்து படியேன் என்றால் "வீட்டுக்குக் கொண்டாந்துட்டா நாளைக்கு என்னத்தைச் சொல்லிட்டுக் கிளம்புறது" என்பாள். அங்கே வரும் நம் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான், வீட்டில் பேரப்பிள்ளைகள் சத்தம், அதனால் அங்கேயே படித்து அங்கேயே முடிப்பார்கள். கார்டு போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகிறவர் ஒருவருமில்லை.

அந்த நூலகத்தை நீ பார்க்க வேண்டும். ஒரு சுவர் முழுக்க வேற்றுமொழி அலமாரிகள்தான், ஒவ்வொன்றின் தலையிலும் அந்தந்த எழுத்தில் பலகை. வாரத்துக்கு ஒருநாள் ஏதாவது ஒரு பாஷையில் குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள், நானும் ஒரு முறை சொன்னேன், பிள்ளைகள் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுதார்கள், ஒரு பிள்ளை அழுதது நிச்சயம். நமக்கு அடுத்த அலமாரிக்காரர்கள் வேறொரு பாஷை, கூட்டமாக வருவார்கள், படித்ததையெல்லாம் மேசையில் குவித்துவிட்டு எழுந்து போவார்கள், பார்த்தால் பெட்டி கவிழ்ந்த மாதிரி கிடக்கும். எனக்குப் பார்க்கச் சகிக்காது. முப்பத்தொரு வருஷம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன் நான், எடுத்த பொருள் எடுத்த இடத்துக்குப் போக வேண்டும் என்பது என் ரத்தத்தில் இருக்கிறது, என் காலத்தில் ஒரு பெட்டி இடம் மாறியதில்லை, மாறிய ஒன்றும் மேனேஜர் மாற்றியது. அதனால் நம் ஆட்களை உட்காரவைத்துச் சொன்னேன், "நாம அப்படி இருக்கக் கூடாது, வந்த சுவடு தெரியாமப் போகணும், அதுதான் மரியாதை." கேட்டார்கள். சாயங்காலம் நம் அலமாரியைப் பார்த்தால் யாரோ நூல் பிடித்து அடுக்கிய மாதிரி இருக்கும்.

மேசையில் ஒரு சின்ன அட்டை நின்றுகொண்டிருக்கும், எல்லாப் பாஷையிலும் எழுதி, கடைசியில் தமிழிலும், "படித்த புத்தகத்தை இங்கேயே வையுங்கள், நாங்கள் அடுக்கிக்கொள்கிறோம்" என்று. அதை எல்லோரும் படித்தோம். படித்துவிட்டு, எவ்வளவு நல்ல மனசு என்று மெச்சிக்கொண்டு எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தோம். நீயே சொல், விருந்துக்குப் போன வீட்டில் தட்டை அப்படியே வைங்க நான் எடுத்துக்கிறேன் என்று வீட்டம்மா சொல்வாள், அதற்காக வைத்துவிட்டு எழுந்து போகிறவனும் ஒரு மனுஷனா.

போன மாதம் ஒருநாள் உன் சித்தி பதினொரு மணிக்கே திரும்பிவிட்டாள். பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். மறுநாளும் கிளம்பவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. நான்காம் நாள் வயர்மேன் அண்ணன் வந்துதான் சொன்னார், நம் அலமாரியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, வருஷம் முழுக்க யாரும் தொடாத புத்தகங்கள், மாதக் கடைசியில் தலைமை நூலகத்துக் கிடங்குக்குப் போகின்றன, வேண்டுமென்றால் எழுதிக் கேட்டால் அனுப்புவார்கள் என்று. தலைமை நூலகம் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். உன் சித்தி போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அதனால்தான் பை கதவுக்குப் பின்னாலேயே தொங்கியது.

சும்மா விடுவேனா. ஊரையே திரட்டிக்கொண்டு போனேன், நாங்கள் பதினொரு பேர். அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், எங்களுக்குள் அவர் பெயர் கயிற்றுக்கண்ணாடி. அவர்கள் பாஷை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, அவர்களுக்குப் புரியத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். என் மனைவி இரண்டு வருஷமாகத் தினம் வருகிறாள், யாரும் தொடவில்லை என்று எந்த வாய் சொன்னது என்று கேட்டேன். அந்த அம்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார், எங்கள் அலமாரி முழுவதற்கும் ஒரு வருஷத்தில் ஒன்பது தடவைதான் புத்தகம் எடுத்ததாகக் கணக்கு. பிறகு நிதானமாக, "படிச்சு முடிச்சதும் புத்தகத்தை எங்க வைப்பீங்க" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, எடுத்த இடத்தில் எடுத்த மாதிரி வைப்போம், எல்லோரையும் பழக்கிவிட்டது நான்தான் என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் மேசையில் கிடக்கும் புத்தகங்களை எடுத்து, அவற்றின் முதுகில் கோடு கோடாக ஒட்டியிருக்கும் சீட்டில் சிவப்பு வெளிச்சம் காட்டித்தான் யாரோ படித்தார்கள் என்று எண்ணுவார்களாம். அலமாரியில் நாமே திருப்பி வைத்தால் அந்தப் புத்தகத்தை யாரும் தொடவே இல்லை என்று அர்த்தமாம். பெட்டி கவிழ்த்த மாதிரிப் போட்டுவிட்டுப் போகிறார்களே அடுத்த அலமாரிக்காரர்கள், அவர்களுக்கு இந்த வருஷம் மூன்றாவது அலமாரி வந்துவிட்டது. நமக்கு விழுந்த ஒன்பதும் வயர்மேன் அண்ணன் படித்துக்கொண்டே தூங்கிப்போய் மேசையில் விட்டுவிட்டு வந்தவை. "நான் தூங்கினதுதாய்யா உங்க அலமாரிக்குக் காவல்" என்று அவர் இப்போது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

யானைக்கும் அடி சறுக்கும். கயிற்றுக்கண்ணாடி அம்மா நல்லவர், எண்ணிக்கை தப்பு என்று தலைமை நூலகத்துக்கு எழுதுகிறேன், ஆனால் கையில் காட்ட மூன்று வாரத்து உண்மையான எண்ணிக்கை வேண்டும் என்றார். நான் மறுநாள் காலையிலேயே போய் முப்பத்தேழு புத்தகத்தை மேசையில் குவித்துவிட்டேன். உன் சித்தியை வலுக்கட்டாயமாகக் கூட்டிப் போயிருந்தேன், மகிழ்ந்துபோவாள் என்று நினைத்தால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு "இதுல நீங்க படிச்சது எது" என்றாள். எல்லாம் படித்த மாதிரிதான் என்றேன். "அந்தம்மா நம்மள நம்பி எண்ணப்போறாங்க. பொய்யில நிக்கிற அலமாரி முன்னால என்னால உக்காந்து படிக்க முடியாது" என்றாள். நாலு பேர் பார்க்க முப்பத்தாறையும் திருப்பி அடுக்கினேன். மிச்சம் ஒன்றை என் கையில் கொடுத்து எதிர் நாற்காலியில் உட்காரவைத்தாள். நான் பள்ளிக்கூடத்தில் ஆறாவதுக்கு மேல் போகாதவன் என்றாலும் அறிவுக்குக் குறைவில்லை, ஒரு துப்பறியும் நாவலை ஆறே நாளில் முடித்தேன், பத்தாம் பக்கத்திலேயே கொலைகாரனைப் பிடித்துவிட்டேன், எழுதினவர்தான் கடைசியில் வேறு ஆளைச் சொல்லித் தப்பாக முடித்திருக்கிறார்.

உனக்குச் சிரிப்பாக இருக்கும், எனக்குப் படிப்பதுதான் கஷ்டம், உன் சித்திக்கோ விட்டுவிட்டு வருவதுதான் கஷ்டம். முதல் நாள் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வாசல்வரை வந்தாள், திரும்பிப் போய் ஓரத்தை நேராக்கினாள், மறுபடி வந்தாள், மறுபடி போனாள். "எச்சில் தட்டை விட்டுட்டு வர்ற மாதிரி இருக்குங்க" என்றாள். மூன்றாம் நாள் அவள் எழுந்த நேரத்துக்குக் கயிற்றுக்கண்ணாடி அம்மா அந்த எண்ணும் கருவியோடு வந்து, அவள் கண்ணெதிரே அந்தப் புத்தகத்தில் வெளிச்சம் காட்டினார், டிங் என்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டிக்கொண்டார்கள். பஸ்ஸில் வரும்போது "அந்தச் சத்தம் நல்லாருக்குல்ல" என்றாள். அன்றிலிருந்து திரும்பிப் பார்க்காமல் வருகிறாள்.

மூன்று வாரம் முடிந்த அன்று தலைமை நூலகத்திலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்தார், எண்ணிக்கை நூற்றுப் பதினான்கு. வெளியில் இருநூறு என்றுதான் சொல்லியிருக்கிறேன், உனக்கு மட்டும் அசல். நான் அரைமணி நேரம் பேசத் தயாராக, சட்டைக்கு இஸ்திரி போட்டு நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் ஜன்னல் பக்கம் உன் சித்தியிடம் குனிந்து, புத்தகத்தை எழுதிக் கேட்டால் அனுப்புகிறோம், வீட்டிலேயே வாங்கிப் படிக்கலாமே என்று மரியாதையாகக் கேட்டார். உன் சித்தி தமிழில்தான் பதில் சொன்னாள். "புத்தகம் வீட்டுக்கு வந்துடும், நான் வெளிய வரமாட்டேனே. மூணு ஸ்டாப்பு எனக்கு வரும். அதுக்கு மேல எண்ணத் தெரியும், தைரியம் தெரியாது." அவர் என்னைப் பார்த்தார், நான்தான் அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டும். வாயில் எத்தனையோ வந்து நின்றன, நானும் என் கிடங்கும் என் முப்பத்தொரு வருஷமும். மகளே, இதை நீ நம்ப வேண்டும், அவள் சொன்னதை மட்டும் சொன்னேன், ஒரு சொல் கூட்டவில்லை. சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது, எல்லோருக்கும் மரியாதை சொல்லிக்கொடுக்கப் போய் அவள் போக்கிடத்தை மூடப் பார்த்தவன் நான்தான் என்று. அவள் அதை இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன வெள்ளிக்கிழமை அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டார்கள். அலமாரி இன்னும் ஒரு வருஷத்துக்கு அங்கேயே இருக்கும், அதற்கப்புறம் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சொல்வார்களாம். புதுப் புத்தகம் வாங்கப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள், உன் சித்தி எழுதிக்கொண்டிருக்கிறாள், நான் இரண்டு சொன்னேன், இரண்டையும் அடித்துவிட்டாள்.

நீங்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு, நோய் நொடி அண்டாமல், நினைத்த காரியம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசில் மிச்சம் இருந்தால் அதையும் உன் பேரில் எழுதிக்கொள். மாப்பிள்ளையிடம் கேட்டதாகச் சொல். முக்கியமாக ஒன்று, எங்கள் ஊர் நேரம் பார்த்துக்கொள், காலையில் பத்திலிருந்து ஒன்றுவரை சித்தியைக் கூப்பிடாதே, அவள் வீட்டில் இருக்கமாட்டாள்.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த
சித்தப்பா