சம்பந்தி கட்டின சுவரு

ஆகஸ்ட் 6, வியாழன்

அதான் சொல்றேன், நீயே கேளு சாமி. சம்பந்தின்னா வாசல்ல நின்னு "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டுட்டுப் போகணும். கரணையும் தூக்குக் குண்டும் தூக்கிக்கிட்டு வந்து கொல்லையில குந்திக்கிறதா? கொல்லை மேட்டு மண்ணு சரியுது, கல்லுச்சுவரு வைக்கணும்னதும், "மாமா இருக்கும்போது வேற கொத்தனார் எதுக்கும்மா"ங்கிறான் என் பையன். மருமக மூஞ்சியப் பார்க்கணுமே! "எங்கப்பா கட்டினா அசையாது அத்தை"யாம். ஆமா, அவங்கப்பா நாக்கே அசையாது. நாலு வார்த்தை கேட்டா அரை வார்த்தை வரும். கல்லுளிமங்கன்.

காலையில கல்லு லோடு வந்துச்சு. அவரு வர லேட்டு. வெயில்ல நின்னு இறக்கினது நான்.

ஆகஸ்ட் 10, திங்கள்

ஒரு கல்லை நாலு தடவை புரட்டிப் பார்க்கிறாரு. அவரு பொண்ணைப் பார்க்கப் போனப்பகூட நாங்க இவ்வளவு புரட்டிப் பார்க்கல. "அகலமான பக்கத்தை வெளிய காட்டி நிக்க வைங்க, பார்க்க லட்சணமா இருக்கும்"னேன். "கல்லு மலையில எப்படிப் படுத்திருந்துச்சோ அப்படியே படுக்கணும் சம்பந்தி. நிக்க வச்சா பொளந்துக்கும்"னாரு. எனக்கே பாடம்!

இடுக்குல எல்லாம் சில்லு வச்சு அடிக்கிறாரு, டொக்கு டொக்குன்னு. நான் உன் முன்னாடி கண்ண மூடுற நேரமாப் பார்த்து. வேணும்னே.

ஆகஸ்ட் 19, புதன்

எதிர்வீட்டுக்காரிகிட்ட மருமக அளந்துக்கிட்டிருந்தா. சுவத்துக்கு முன்னாடி ஒரு வரிசை, பின்னாடி ஒரு வரிசையாம். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்க, அங்கங்க சுவரோட முழு அகலத்துக்கும் நீளமா ஒரு கல்லு போகுமாம். கட்டுக்கல்லுன்னு பேராம். அது இல்லேன்னா எத்தனை சிமெண்டு போட்டாலும் சுவரு வயிறு தள்ளிடுமாம். நான் ஒண்ணும் கேட்கல. காதுல விழுந்துச்சு.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

குழாயடியில புதுத் துவைக்கிற கல்லு சரியான உயரத்துல அமைஞ்சுது. குனியவே வேணாம். இதுக்காவது உனக்கு நன்றி சாமி.

செப்டம்பர் 2, புதன்

சுவரு முடிஞ்சுது. பையன் தட்டித் தட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். நான் சிரிக்கல. கிழக்கு மூலையில எல்லாம் பொடிப் பொடிக் கல்லா இருக்கே, ஏன்? கேட்டேன். "பிடிச்சு நிக்கும் சம்பந்தி"ன்னாரு. அவ்வளவுதான் பதில்.

அக்டோபர் 1, வியாழன்

மூணு நாளா மழை. கிழக்கு மூலை வயிறு தள்ளியிருக்கு. சொன்னேனா இல்லையா?

அக்டோபர் 3, சனி

விழுந்துடுச்சு. மருமக துணி எடுத்துட்டு உள்ள வந்து கதவச் சாத்தல, பொலபொலன்னு... நீதான் காப்பாத்தின.

அக்டோபர் 4, ஞாயிறு

இன்னைக்கு விடல நான். தெருவே கூடிடுச்சு. குடைக் கம்பியால குத்திக் குத்திக் காட்டினேன். "பாருங்க, முன்வரிசை தனியா உரிஞ்சு வந்திருக்கு. இந்த மூலையில ஒரு கட்டுக்கல்லு இருக்கா? எங்க போச்சு?"ன்னு. கல்லுளிமங்கன் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு.

"எட்டு வேணும்னு குவாரிக்குச் சொல்லி விட்டேன். குவியல்ல ஆறுதான் இருந்துச்சு. சின்னக் கல்லையே மாத்தி மாத்திக் கோத்துப் பார்த்தேன்."

"அப்பவே வாயத் தொறந்து கேட்கிறதுக்கென்ன?"

"கேட்டா சண்டை வரும். பொண்ணு இங்க வாழணும்னு..."

எனக்குக் கோவம் உச்சந்தலையில ஏறிடுச்சு. "ரெண்டு கல்லை வேற எங்கயோ தள்ளிட்டு என் வாய் மேல பழி போடுறீங்களா? பொண்ணு தலையில விழுந்திருக்குமே! திருட்டுக் கை!"ன்னுட்டேன். அந்தக் கையப் பார்த்துக்கிட்டே நின்னாரு மனுஷன். மருமகதான் வந்து கரணைப் பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டா. "வாங்கப்பா"ன்னா. என்கிட்ட ஒரு வார்த்தை? "வரேன் அத்தை"கூட இல்ல. போகட்டுமே! பையனும் செருப்ப மாட்டிக்கிட்டுப் பின்னாடியே போயிட்டான்.

அக்டோபர் 7, புதன்

யாரும் வரல. போன் எடுக்கல. நானா இறங்கிப் போகணும்? மாட்டேன்.

அக்டோபர் 11, ஞாயிறு

அன்னைக்கு மருமக எடுக்காம விட்ட பச்சைப் புடவை கொடியிலயே கிடந்து மண்ணாயிருந்துச்சு. எடுத்துத் துவைச்சேன். சோப்புத் தண்ணி ஓடி ஓடி துவைக்கிற கல்லு பளிச்சுன்னு தெரிஞ்சுது. எவ்வளவு நீளம்! கையால முழம் போட்டேன். அப்புறம் புடவைய அப்படியே விட்டுட்டுப் போயி, நிக்கிற சுவரோட அகலத்தையும் முழம் போட்டேன். ஒரே அளவு சாமி.

இப்பத்தான் ஞாபகம் வருது. லோடு வந்த அன்னைக்கு, அவரு வர்றதுக்கு முன்னாடி, நீளமா ரெண்டு கல்லைக் காட்டி, "இதைத் துவைக்கிறதுக்குக் குழாயடியில போட்டுடுப்பா"ன்னு லாரிக்காரன்கிட்ட சொன்னது நான்தான்.